பத்துப் பேர்தான் வருது

கேலரியின் மேல் வரிசைக்குத்தான் போவேன் என்று ஏறி வந்துவிட்டேன். கீழே சாமியானா கட்டி, பிளாஸ்டிக் சேர் போட்டு, "அண்ணாச்சி, இங்க உக்காருங்க, நிழலா இருக்கும்" என்று கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டான். எனக்கு நிழல் வேண்டாம். எனக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதை அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "நீ உன் சோலியப் பாருல" என்று வாயில் வந்துவிட்டது. பையன் முகம் சுருங்கிப்போனது. பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற வாய். இந்த வாயை வைத்துத்தான் ஒரு கடை, நாலு லாரி, ரெண்டு குடோன். இந்த வாயினால்தான் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லை. முழங்கால் ரெண்டும் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டியது. உச்சிக்கு வந்து, பின்கம்பியில் சாய்ந்து, ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பின்னால் வானமும் ஒரு வேப்பமரத்தின் நுனியும்தான். சரி. கை தானாகப் போய்க் கம்பியைத் தட்டுகிறது. தொழில் புத்தி. பழைய இரும்புக்காரன் நான், தட்டிய சத்தத்திலேயே விலை சொல்லுகிறவன். ஆங்கிள் இரும்பெல்லாம் துருவேறிப் பொருபொருத்துக் கிடக்கிறது, கழற்றும்போதே பாதி உதிர்ந்துவிடும். ஆனால் சத்தம் மட்டும் நாற்பது வருசத்துக்கு முந்தின அதே சத்தம். அதே டொங். இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் எனக்கு விலை சொல்லத் தெரியவில்லை. விசில் ஊதுகிறது, ஃபுட்பால் ஃபைனலில் செகண்ட் ஹாஃப். என் மகள் வடிவு கேலரிக்கு முன்னால் இருக்கிற இந்தக் கோலுக்கு நடந்து வருகிறாள், மஞ்சள் ஜெர்சி, கையுறை ரெண்டையும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு. ஒன்றுக்கு ஜீரோ, இவள் காலேஜ்தான் முன்னால். அவள் மேலே பார்க்கவில்லை. நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. என் பிள்ளையல்லவா.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? சாமியானாவுக்குள் கொஞ்சம் பேர், பாதிப் பேர் கையில் செல்போனில் குனிந்திருக்கிறார்கள். எதிரில் நடக்கிற மேட்சையே செல்போனில் பார்க்கிறானோ என்னவோ. கேலரியில் நானும், கீழ்ப்படியில் ஒரு காதல் ஜோடியும், ஒரு நாயும். இந்தக் கேலரியிலா? அந்தக் காலத்தில் இங்கே மத்தியானச் சோறு இறங்குமுன் வந்து துண்டைப் போட்டு இடம் பிடிக்க வேண்டும். நான் இந்தக் காலேஜ் கேட்டுக்குள் படிக்க வந்தவனில்லை, பழைய இரும்பு டிப்போவில் பாரம் தூக்கினவன். ஆனாலும் மேட்ச் அன்றைக்கு அந்தக் கேட் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், உள்ளே வந்துவிட்டால் அது நம்ம காலேஜ். ஹார்பர் ஆட்கள் ஷிப்டை மாற்றிக்கொண்டு வருவார்கள். உப்பளத்து ஆட்கள் கால் வெள்ளையாக வருவார்கள். புரொபசர்கள் கோட்டுப் போட்டு முன்னால், நாங்கள் அவர்கள் தலைக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு, "ஐயா, கொஞ்சம் குனிங்க, கார்னர்" என்போம், குனிவார்கள்! வேறு எந்த இடத்தில் எனக்குப் படித்தவன் குனிந்தான்? ஈரப் புல்லும் தோல் பந்தும் பீடிப் புகையும் உரித்த ஆரஞ்சுத் தோலும் கலந்த ஒரு வாடை. கோல் விழுந்தால் பலகை மேல் அத்தனை காலும் குதிக்கும். அந்த இடி உள்ளங்காலில் ஏறி, தொடை வழியாக, நெஞ்செலும்புக்குள் வந்து நிற்கும். அந்த நேரத்தில் எனக்கு அப்பா இல்லை என்பது இல்லை, முதலாளி அறைந்தது இல்லை, பசி இல்லை. வெளியூர் மேட்ச் என்றால் இன்னும் மோசம். டீம் கோழிக்கோடு போய்விடும், ஊர் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும். டிம்பர் டிப்போவுக்கு டிரங்க் கால் வரும், அங்கிருந்து ஒருத்தன் சைக்கிளில் ராஜகனி சலூனுக்குப் பறப்பான், ராஜகனி பாதிச் சவரத்தை விட்டுவிட்டு வாசல் கரும்பலகையில் எழுதுவான். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கிறவன்கூட எழுந்து வந்து பார்ப்பான். திருச்செந்தூர் பஸ் அந்த வளைவில் மெதுவாகும், ஜன்னலில் தலை நீட்டி "நம்ம காலேஜ் என்னாச்சு வே?" என்று கேட்பார்கள், நாங்கள் விரலைக் காட்டுவோம், பஸ்ஸே ஊளையிடும். இப்போது என் செல்போனில் எந்த நாட்டு மேட்சும் வருகிறது. பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

தூங்கிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன் பார். இந்தச் சொல் வந்தால் பின்னாலேயே அவன் வருவான். கீப்பர் தொம்மை. ஒல்லி, கை மட்டும் நீளம், கடற்கரைத் தெருக்காரன். எங்கள் டீம் ஒரு கோல் முன்னால் இருந்து, நேரமும் கொஞ்சம்தான் பாக்கி என்றால், தொம்மைக்கு எங்கேயாவது அடிபட்டுவிடும். பந்தைப் பிடித்து வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டு, முட்டியை மடக்கி, கர்ப்பத்துக்குள் கிடக்கிற பிள்ளை மாதிரி புல்லில் சுருண்டுகொள்வான். எதிர் டீம் கத்தும், ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்ப்பார், இவன் கண்ணை மூடிக் கிடப்பான். முதல்முறை அவன் அப்படிக் கிடந்தபோது ஹாஸ்டல் பையன் ஒருத்தன், "ஏ, சத்தம் போடாதிய, பிள்ளை உறங்குது" என்றான். அவ்வளவுதான். யாரோ எடுத்துக்கொடுத்தான், கேலரி மொத்தமும் ஆராரோ ஆரிரரோ பாடியது. ஆயிரக்கணக்கான ஆம்பளைத் தொண்டைகள், ஹார்பர் தொண்டைகள், மீன் ஏலத் தொண்டைகள், மெல்லமாக, ராகம் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு. அதிலிருந்து அது எங்கள் ஊர் வழக்கம். தொம்மை விழுந்தால் தாலாட்டு. வெளியூர்க்காரனுக்கே தெரியும், "பாட்டுக் கேலரி" என்று பேர். பாட்டு முடிகிற நேரம் பார்த்துச் சோம்பல் முறித்து எழுந்திருப்பான், சில நாள் கட்டைவிரலை வாயில் வைத்துக்கூடக் காட்டுவான், கேலரி விழுந்து விழுந்து சிரிக்கும். மேட்ச் முடிந்து டீக்கடைக்கு வருவான், நான் எண்ணெய்க் கையோடு நிற்பேன், என் தோளில் ஒரு குத்து விடுவான். "வே லிங்கம், இன்னைக்குச் சுருதி சேரலியே. உங்க வரிசைதான் இழுத்துட்டு." "நீரு உறங்குனீராக்கும், எந்த வரிசைன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?" "காதைத் தொறந்து வச்சுத்தாம்வே உறங்குதேன்." ஒவ்வொரு மேட்சுக்கும் சொல்வான். நல்லாருந்துச்சு என்பான், எடுப்பு உசரம் என்பான், அந்தத் தடிக்குரல்காரனை நாளைக்கு வரவிடாதிய என்பான். ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் கேட்டது. ஒரு தடவை தவிர. இல்லை, கேட்கவில்லை என்று எனக்குத் தெரியுமா? சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குப் பாட்டு எப்படி இருந்தது என்று அவன் சொல்லவில்லை.

போன் அடிக்கிறது. டிரைவர் பூலோகம். "மொதலாளி, பாய்லர் விக்குத பார்ட்டி விலைக்கு ஒத்துக்க மாட்டேங்கான், ஒரு வார்த்த பேசுதியளா?" "பேசாத. நீயும் பேசாத. விலையச் சொல்லிட்டேல்ல, வாய மூடிட்டு நில்லுல. எவன் முதல்ல வாயத் தொறக்கானோ அவன் கையிலருந்துதான் போவும்." வைத்துவிட்டேன். தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான், அதையும் என் மகளே என்னிடம் விற்றுவிட்டாள். போன வாரம் சோற்றுத் தட்டில் கை வைத்திருக்கிறேன், எதிரில் வந்து உட்கார்ந்தாள். "ஃபைனல் நம்ம கிரவுண்ட்லதான். வந்து பாருங்க. பாத்துட்டு அந்தப் பேரைச் சொல்லுங்க." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நான் கத்தினேன், ரசம் உப்பு என்று அவள் அம்மாவை வைதேன், கரண்ட் பில் பற்றிப் பேசினேன். அவள் பேசவில்லை. கடைசியில் நான்தான் "சரி" என்றேன். அந்தப் பேர். அவள் பிறந்தது எனக்குக் காலம் போன கடைசியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்திரி, என் வீட்டுக்காரி சங்கரகோமதி தொட்டிலை ஆட்டி ஆராரோ என்று எடுத்தாள். ஒரு வரிதான். கடைசியில் குரலை வளைத்துக் கொஞ்சம் கீழே விடுவாள், அவள் அம்மா ஊர் வழக்கமோ என்னவோ. கையில் இருந்ததை எறிந்தேன். பால் செம்பு சுவரில் போய் விழுந்தது. "இந்த வீட்டுல அது கேக்கக் கூடாது!" பச்சை உடம்புக்காரி, மிரண்டு பார்த்தாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, இந்த ஊர்க்காரிதானே, பிறகு யாரிடமாவது கேட்டுத் தெரிந்திருப்பாள். அப்புறம் பிள்ளையைத் தூங்கவைக்க வேண்டுமே? நான் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். என்ன சொல்லி நடப்பது? எனக்குக் கதை தெரியாது, பாட்டு தெரியாது, இரும்பு விலை தெரியும். வாயில் வந்தது அந்தக் காலத்துக் காலேஜ் டீம்தான். பேக் இருதயம், பேக் காஜா, ஸ்டாப்பர் சாலமோன், ஹாஃப் சிங்கமுத்து, என்று லெஃப்ட் அவுட் குஞ்ஞுமோன் வரைக்கும். மறுபடி முதலிலிருந்து. பேக் இருதயம், பேக் காஜா. குஞ்ஞுமோன் வருவதற்குள் உறங்கிவிடுவாள். பள்ளிக்கூடம் போய் எண்ணப் படித்த பிறகு ஒருநாள் தோளிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அப்பா, பத்துப் பேர்தான் வருது. கீப்பர் யாரு?" மறுபடி பேக் இருதயத்திலிருந்து ஆரம்பித்தேன். அடுத்த நாளும் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எட்டாவது படிக்கும்போது முழங்கை எல்லாம் சிராய்ப்பு, என்னட்டி என்றால், "கீப்பர் நிக்கேன்" என்கிறாள். காலியாகக் கிடந்த இடத்தில் போய் இவள் நின்றுகொண்டாள். யார் நிறுத்தினது?

பந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. வடிவு பெனால்டி பெட்டியின் கோட்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், தொம்மையும் இப்படித்தான் நிற்பான், எல்லாக் கீப்பரும் இப்படித்தான் நிற்பார்கள், கழுதை, இதிலெல்லாம் என்ன இருக்கிறது. வெயில் சாய்கிறது. அன்றைக்கும் இதே வெயில். கோட்டயத்து டீம், கப் மேட்ச், ஒன்றுக்கு ஜீரோ. எனக்கு அன்றைக்கு முன்வரிசை கிடைத்துவிட்டது, வலை முகத்தில் உரசுகிற மாதிரி. அவர்கள் ஃபார்வர்டு தனியாக உள்ளே வந்தான், தொம்மை அவன் காலுக்குள் பாய்ந்தான், அவன் முட்டி இவன் காதுக்குப் பின்னால் பட்டது. பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதா, பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா? பந்து வயிற்றுக்குள் இருந்தது, முட்டி மடங்கி இருந்தது, எல்லாம் வழக்கம்போல. கேலரி ஒரு பெருமூச்சு விட்டுச் சிரித்தது. நாம ஜெயிச்சாச்சு என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. எடுப்பு வந்தது. அன்றைக்குச் சுருதி சேர்ந்தது, தொம்மை, அன்றைக்கு மாதிரி என்றைக்கும் சேரவில்லை. ஆயிரம் பேரும் ஒரே தொண்டையாக இருந்தோம். பக்கத்தில் ஒரு கஸ்டம்ஸ் ஆபீசர் என் தோளில் கை போட்டு ஆடினார், என் சட்டை அழுக்கு அவருக்குத் தெரியவில்லை. கோட்டயத்துப் பையன்கள்கூடச் சிரித்துக்கொண்டு நின்றார்கள், ரெஃப்ரியும் சிரித்தார். என் ஆயுசில் அந்த மாதிரி ஒரு சந்தோசம் அதற்கு முன்னும் இல்லை, கல்யாணம், கடை, வடிவு பிறந்தது, எதுவும் அதற்குப் பக்கத்தில் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? இதைச் சொன்னால் மனுசனா நீ என்பார்கள். ஒரு சுற்றுப் பாடி முடித்தோம், எழவில்லை. இன்னைக்கு நல்ல உறக்கம் என்று இன்னொரு சுற்று எடுத்தோம். அதன் நடுவில்தான் பந்து உருண்டு வந்தது. அவன் கையிலிருந்து விடுபட்டு, தானாக, மெதுவாகக் கோல் கோட்டுப் பக்கம் உருண்டது. நடிக்கிற தொம்மை பந்தை விடமாட்டான். முன்வரிசை நிறுத்தியது. அடுத்த வரிசை நிறுத்தியது. சத்தம் கீழிருந்து மேலே அணைந்துகொண்டே போனது, திரியைக் கிள்ளின மாதிரி. ஒரே ஒரு குரல் மட்டும் எனக்குப் பின்னால், உச்சியில், கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற குரல், ஆராரோ என்று அது மட்டும் தனியாக, முழு வரியும், நீட்டி. பிறகு அதுவும் நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், விடியுமுன் தொம்மை போய்விட்டான். அந்தக் குரல் யாருடையது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, எல்லாரும் தேடினார்கள். டீக்கடையில் ஒருத்தன் இருமினாலும் உற்றுப் பார்த்தோம். பாவி, அறிவு வேண்டாமா, எல்லாரும் நிறுத்திய பிறகும் பாடுகிறானே, அவனைக் கையில் கிடைத்தால் சங்கைக் கடித்திருப்பேன். அதற்குப் பிறகு கேலரி பாடவில்லை. பாடாத கேலரிக்கு ஆள் வரவில்லை. நானும் எங்கே போனாலும் கடைசி வரிசைதான், கோயிலில், கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில்.

"கீப்பர்! கீப்பர்!" என்று யாரோ கத்துகிறார்கள். இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், எப்போது வந்தார்கள்? நீல ஜெர்சிக்காரி ஒருத்தி தனியாக உள்ளே ஓடி வருகிறாள், வடிவு அவள் காலுக்குள் பாய்கிறாள். பாயாதே. ரெண்டு பேரும் உருளுகிறார்கள். நீல ஜெர்சி எழுந்துவிட்டது. மஞ்சள் எழவில்லை. முதுகை எனக்குக் காட்டி, முட்டி மடக்கி, சுருண்டு. ரெஃப்ரி விசில், அதுவும் ஒரு பெண்பிள்ளை, ஓடி வந்து குனிகிறது. யாரும் பாடவில்லை. சாமியானாவில் எவனோ போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். காதல் ஜோடி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. எழுந்திரு. ஒன்றுக்கு ஜீரோ, நேரம் கொஞ்சம்தான், இவள் நடிக்கிறாள், நடிக்கத்தான் செய்கிறாள், என் பிள்ளை, பேரம் தெரிந்தவள். சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். கடையை எடுத்துக்கோ. லாரியை எடுத்துக்கோ. யாரிடம் பேசுகிறேன்? யாராக இருந்தால் என்ன, சாமியோ எமனோ, எதிரில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். அந்தப் பேரைச் சொல்லிவிடுகிறேன், அவள் எழுந்ததும் சொல்லிவிடுகிறேன். என் கண்ணை எடுத்துக்கோ. அவன் பேசவில்லை. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தானோ? பந்து. பந்து எங்கே? பந்து கையில் இருந்தால் நடிப்பு. எழுந்து நிற்கிறேன், எட்டிப் பார்க்கிறேன், பலகை மேல் ஏறுகிறேன். மஞ்சள் முதுகு தெரிகிறது. பின்னல் தெரிகிறது. பந்து தெரியவில்லை. இங்கிருந்து தெரியாது. எவ்வளவு எட்டினாலும் இந்த உச்சியிலிருந்து தெரியாது. அப்படியென்றால் அன்றைக்கு உச்சியில் பாடினவனுக்கும் தெரிந்திருக்காது. நாற்பது வருசமாக நான் யார் சங்கைக் கடிக்க அலைந்தேனோ, அவன் இங்கே நின்று, இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொம்மை உறங்குகிறான் என்றுதான் பாடியிருக்கிறான். பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்று ஏறி ஏறி நான் வந்து உட்கார்ந்த இடம் அவன் இடம். செருப்பு பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. கிடக்கட்டும். இறங்குகிறேன். படி படியாக இல்லை, ரெண்டு மூன்றாக, முழங்காலே நீ கத்து, கத்திக்கொண்டே வா. அன்றைக்கு முன்வரிசையில் நின்றிருந்தேன், வலை முகத்தில் உரசியது, ஒருத்தன்கூட உள்ளே போகவில்லையே, நாங்கள் பாடிக்கொண்டு அல்லவா நின்றோம். "அண்ணாச்சி, உள்ள போவக் கூடாது!" என்று அட்டை மாட்டின அதே பையன். அவனைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

புல் காலில் குத்துகிறது. வலையைச் சுற்றி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிகிறேன். மூச்சு வாங்குகிறது, அதில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பந்து இருக்கிறது. வயிற்றுக்குள், கையுறை ரெண்டும் பூட்டுப் போட்ட மாதிரி அதைச் சுற்றி. அப்படியே முட்டி போட்டுவிட்டேன். அப்போதுதான் கேட்டது. புல்லுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, பல்லுக்கு நடுவில், கொசு மாதிரி ஒரு முனகல். ஆராரோ. ஆரிரரோ. வரி முடிகிற இடத்தில் குரல் வளைந்து கொஞ்சம் கீழே போகிறது. சங்கரகோமதி. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு வரி நான் கேட்டது. நான் கடையைத் திறக்கப் போன பிறகு எத்தனை வருசம் பாடினாளோ, அந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு கண் திறந்து என் வெறுங்காலைப் பார்க்கிறது, பிறகு என்னை. "அப்பா, கெடுத்துறாதீங்க. இன்னொரு தடவ பாடிட்டு எந்திரிக்கேன். போங்க." ரெஃப்ரிப் பிள்ளை என் தோளைத் தொடுகிறது. "சார், யாரு நீங்க? வெளிய போங்க சார்." எனக்குக் கத்த வரவில்லை. எழுந்து, வலைக்குப் பின்னால் போய் நின்றேன். அவள் தன் பாட்டை முடித்துக்கொண்டு, நொண்டுவது போல் எழுந்தாள். நேரம் கடத்தினதற்கு ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டியது. நீல ஜெர்சிக்காரிகள் வைதார்கள், இவள் தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினாள். வலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, கேலரி முழுவதும் இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வெயிலில் சூடேறின இரும்பு மாலையில் தானாகச் சடசடக்கும், அந்தச் சத்தம்தான், வேறொன்றுமில்லை. நான் திரும்பவில்லை. காதைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கினவனுக்கு அன்றைக்குக் கேட்டதா இல்லையா, அதை யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. வடிவு பந்தைப் புல்லில் வைத்து, உதைக்கப் பின்னால் நாலடி வந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு, இந்தப் பக்கம் நான். பேரத்தில் வாயை முதலில் திறக்கிறவன் தோற்றான்.

"தொம்மை," என்றேன்.

அவள் திரும்பவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சத்தமாச் சொல்லுங்கப்பா. கேக்கல."